வெளியே பூட்டியிருந்த வீடு

அன்பான பங்கு மக்களே, கார்த்திகை மாதத்துப் புயலில், கடல் ஊருக்குள் வந்த ஒரு சாயங்காலம், ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பேசத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நம் சாணார்பட்டிப் பக்கம்தான் எனக்கு ஊர். ஆனால் ஒரே இடத்தில் ஒரு வாரம் இருக்க முடியாது. திண்டுக்கல்லில் பூட்டு எடுத்து, மொபெட்டில் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் விற்பேன். புயல் அறிவித்தால் எல்லாரும் கடற்கரையை விட்டு வருவார்கள். நான் கடற்கரைக்குப் போவேன். வீட்டை விட்டு முகாமுக்குப் போகிறவர்களுக்குப் பூட்டு வேண்டும். அப்படி ஒரு கணக்கு எனக்கு.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டி, தாழ்வான ஒரு மீனவக் குப்பம். காலையிலிருந்து வீட்டுக்கு வீடு பூட்டு விற்றேன். கடைசி வரிசையில் வசந்தா என்ற பெண் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேற சாவி போட்டா தொறந்துக்குமா பூட்டுக்காரரே?"

"அந்தோணியார் சத்தியமா தொறக்காது தாயி. தொறந்தா என் காதை அறுத்துக்க."

"உன் காதை வச்சு நான் என்ன கொழம்பா வைக்கப்போறேன்? கொடு."

மதியம் வேன்கள் வந்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு போயின. அதிகாரிகள் ஒவ்வொரு கதவையும் பார்த்தார்கள். பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். "வண்டி இருக்கு சார், பின்னாடியே வாரேன்" என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். வேன்கள் போன பிறகு மொபெட் கிளம்பவில்லை. மிதித்து மிதித்து என் கால்தான் ஓய்ந்தது.

அப்போதுதான் அந்த அமைதியைக் கவனித்தேன். காக்கை இல்லை. நாய் இல்லை. அலைச் சத்தம்கூட இல்லை. வானம் செம்பு நிறத்தில் இருந்தது. பிறகு காற்று விட்டு விட்டு வீச ஆரம்பித்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் வரிசையாகப் பூட்டுகள் கதவில் மோதின. டக், டக், டக். எல்லாம் நான் விற்ற பூட்டுகள். ஆளில்லாத ஊரில் வீடுகள் ஒன்றையொன்று கூப்பிடுவது போல இருந்தது.

தெருவில் தண்ணீர் பரவியது. மழை வலுக்கவில்லையே என்று யோசித்தேன். நம் ஊரில் தண்ணீர் மேலிருந்து வரும், இல்லாவிட்டால் குழாயில் வரும். இது உப்பளப் பக்கமிருந்து, பின்புறமாக, சத்தமே இல்லாமல் வந்தது. முகத்தில் தெறித்ததை நக்கிப் பார்த்தேன். உப்பு. பூட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டு ரோட்டை நோக்கி ஓடினேன்.

கடைசி வரிசையைத் தாண்டும்போது ஒரு சத்தம் மட்டும் வேறு மாதிரி கேட்டது. காற்று நின்ற பிறகும் அது நிற்கவில்லை. கதவுக்கு உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன். பேய் என்று நினைத்தேன். பத்தடி ஓடியும்விட்டேன். கால் தானாக நின்றது.

"யாருய்யா உள்ள?"

"செல்வமணிய்யா! வசந்தா வீட்டுக்காரன்! தொறய்யா, தண்ணி ஏறுது!"

புது போட் என்ஜினைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல், அதிகாரிகள் வற்புறுத்துவார்கள் என்று பயந்து, மனைவியிடம் வெளியே பூட்டச் சொல்லி உள்ளே இருந்துவிட்டான். சாவி அவளோடு முகாமுக்குப் போய்விட்டது. காங்கிரீட் வீடு. ஜன்னலில் இரும்புக் கம்பி. கதவு தகரம் அடித்தது. உடைக்கலாம் என்றால் அந்த மணலில் ஒரு கல்கூட இல்லை. பூட்டுப் பையாலேயே ஓங்கி அடித்தேன். பூட்டு அசையவில்லை. தண்ணீர் என் இடுப்பைத் தாண்டியது. பூட்டு தண்ணீருக்குள் போனது.

"போய்யா, நீயாவது போ," என்றான் உள்ளேயிருந்து. பிறகு தட்டுவது மட்டும் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சகோதரர்களே, மலிவுப் பூட்டில் ஒரு ரகசியம் உண்டு. அவற்றுக்குச் சாவி வெட்டும் அச்சு சில வகைதான். ஒரே சரக்கில் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேர்ந்துவிடும். எப்போதும் இல்லை, எப்போதாவது. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் அந்தோணியார் பெயரில் சத்தியம் செய்தேன்.

பையில் விற்காத பூட்டுகள் சாவியோடு இருந்தன. நான் வாய்விட்டு அழுதேன். "ஆண்டவரே, நான் பொய்யன். அந்தோணியாரே, உம்ம பேர்ல நான் செஞ்ச சத்தியத்தை இன்னைக்குப் பொய்யாக்கும். எனக்காகக் கேக்கலை. உள்ள இருக்கானே, அவனுக்காகக் கேக்குறேன்."

தண்ணீருக்குள் கையைவிட்டு, தடவித் தடவி ஒவ்வொரு சாவியாகப் போட்டேன். சேரவில்லை. சேரவில்லை. இரண்டு சாவிகள் கை நழுவிப் போயின. தட்டும் சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தை இன்றும் என்னால் தாங்க முடியாது. அடுத்த சாவியைப் போட்டேன். விரலுக்கடியில் பூட்டு மெல்ல வாயைத் திறந்தது.

கதவைத் தள்ளினேன். செல்வமணி என்ஜின் மேல் ஏறி, உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தான். வெளியே வந்ததும், தண்ணீருக்குள் அவன்தான் எனக்கு வழி காட்டினான். அவன் கையைப் பிடித்தபடி மேட்டு ரோடு ஏறினேன். நாங்கள் முகாமுக்குள் நுழைந்த பிறகுதான் புயல் முழு வேகத்தில் அடித்தது.

வசந்தா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாவி எங்கிட்ட இருக்கே. எப்புடித் தொறந்த?"

சொன்னேன். முகாமில் இருந்த எல்லாப் பெண்களும் கேட்கச் சொன்னேன். திட்டினார்கள். "அப்ப ஊரு பூராவுக்கும் ஒரே சாவியா, களவாணிப் பயலே?" என்று ஒரு பெண் கையை ஓங்கினாள். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் குப்பத்துக்குப் போனோம். பல வீடுகளுக்குச் சுவர் இல்லை. கதவுகள் மட்டும் நிலையோடு மணலில் நின்றன, பூட்டியபடியே. ஆளுக்கு ஒரு மண்வெட்டி எடுத்தோம். எங்கும் ஒரு வாரம் தங்காத நான் அங்கே தை வரை இருந்தேன்.

இன்றும் பூட்டுத்தான் விற்கிறேன். ஆனால் சத்தியம் செய்வதில்லை. "வேற சாவி சேர்ந்தாலும் சேரும், பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். பாதிப் பேர் வாங்காமல் போகிறார்கள். போகட்டும்.

நான் நல்லவனாக நின்று அன்று ஜெபிக்கவில்லை. பொய் சொன்ன வாயோடுதான் கூப்பிட்டேன். அப்போதும் அவர் கேட்டார். யோக்கியதை வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று உங்களில் யாராவது காத்திருந்தால், காத்திருக்காதீர்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். இப்போதே கூப்பிடுங்கள்.