உப்பளத்துச் சட்டையில் தைத்த தலையணைகள்

"காலேஜு முடிச்சிட்டு கிழிஞ்ச சட்டையில தலகாணி தெக்கிறியா? இத யாருடி வாங்குவா?" என்று சிரித்தாள் அத்தை, அப்பாவின் தங்கை. நான் தையல் மெஷினின் பெடலை மிதித்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டம் வாங்கியவளும் நான்தான், வேதியியலில். அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. என் கால் உப்புப் பாத்தியில் படக்கூடாது என்று வளர்த்தார்கள். படிப்பு முடிந்ததும் அது தெருவிலும் படக்கூடாது என்றானது. "பொண்ணு பாக்க வர்ற நேரம். வெயில்ல போவாத, கறுத்துடுவ," என்பாள் அம்மா. நாள் முழுக்க வெயிலில் உப்பு வாரிவிட்டு வந்து இதைச் சொல்வாள். சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, ஒற்றை ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் வெளுக்கக் காத்திருந்தேன்.

உப்பு வாரும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். முழங்கையும் காலரும்தான் முதலில் இற்றுப்போகும். உடம்புப் பகுதி கெட்டியாகவே இருக்கும். அவர்கள் கழித்துப்போட்டதை வாங்கி, பொத்தான் வரிசையை அப்படியே விட்டு, சுற்றிலும் சதுரமாகத் தைத்தால் உறை தயார். ஜிப் வேண்டாம், பொத்தானைத் திறந்து திணித்தால் போதும். உள்ளே பழைய மெத்தைப் பஞ்சும், நறுக்கிய புடவைக் கந்தலும். வெயிலில் வெளுத்த அந்தக் கட்டங்களின் நிறம் எந்தக் கடைத் துணியிலும் வராது.

போனில் நான் அனுப்பிய போட்டோ பார்த்து, பாண்டிப் பக்கம் குயிலாப்பாளையத்தில் விடுதி நடத்தும் ஒரு அக்கா சில தலையணைகளை வாங்கிக்கொண்டார். பிடித்துப்போனால் அங்கேயே வந்து தைக்கலாம் என்றார். அப்பாவும், "மொதல்ல அது அங்க நிக்கட்டும், அப்புறம் நீ போ," என்றார். தலையணைகள் அங்கே நின்றால்தான் நான் வீட்டை விட்டு வெளியே.

ஐப்பசி மழை பிடித்தது. அக்காவிடமிருந்து போன்.

"ஏம்மா, காயறதுக்குள்ள தெச்சிட்டியா? எல்லாம் ஈரமா இருக்குது. படுத்தா கன்னத்துல ஒட்டுதாம்."

"நல்லா காயவச்சித்தாங்க தெச்சேன். மழைக்காலத்துல தலகாணி அப்படித்தான இருக்கும்?"

"எந்த ஊர்ல?"

போனை வைத்துவிட்டு என் தலையணையைத் தொட்டேன். பிசுபிசுத்தது. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான் படுத்திருக்கிறேன். வேறு மாதிரி ஒன்று இருக்கும் என்று தோன்றியதே இல்லை. தைத்து மீதியிருந்த ஓர் உறையை நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள், உப்பளத்துச் சட்டையை உப்புக் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசி, சுத்தம் என்று மடித்து வைத்திருக்கிறேன்.

தெருக்குழாயில் வருவதுதான் நல்ல தண்ணீர். "குடிக்கிற தண்ணியில கந்தல அலசுவியா?" என்று அம்மா குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். தலையணைகள் திரும்பி வந்தன. மழைக்கு உப்பளம் மூடியிருந்ததால் மூன்று பேரும் ஒரே அறையில் அடைந்து கிடந்தோம், நடுவில் அந்த ஈர மூட்டை. "விட்டுத் தள்ளு. தை மாசம் மாப்ள வூட்ல வர்றாங்க," என்றார் அப்பா.

நான் பின்பக்கம் போய் அக்காவை அழைத்தேன்.

"உங்க வீட்ல நல்ல தண்ணிங்களா?"

"போர்ல கொட்டுது. ஏன்?"

"துணிய அங்க வந்து அலசித் தெக்கிறேங்க. அப்பவும் ஒட்டிச்சினா வாணாம்னு சொல்லிடுங்க."

"வூட்ல விடுவாங்களா?"

"நான் வர்றேங்க."

பழைய மெஷின் ஸ்டாண்டு ஒன்று அங்கே சும்மா கிடப்பதாகச் சொன்னார்.

மறுநாள் காலை, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருகாணியைக் கழற்றி மெஷினின் தலையைத் தூக்கினேன்.

"அத எங்க எடுத்துக்கினு போற?"

"வேலைக்குப்பா."

தூறல் நிற்கவில்லை. பாண்டி பஸ்ஸில் ஒரு சீட்டுதான் காலி. புடவையில் சுற்றிய மெஷினை அதில் வைத்துவிட்டு, சட்டை மூட்டையோடு நான் நின்றேன். கண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.