ஐந்தாவது கையெழுத்து

பாப்பாத்திக்கு ஐம்பத்தாறு வயது. சிங்கப்பூரில், தேக்கா பக்கத்தில் ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை, நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியைத் துப்புரவு செய்கிறார். கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. தொழில் தொடங்கும் ஆசை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் அவர் வீட்டு மாடியிலேயே குடியிருக்கும் கண்மணி ஒரு படிவத்தோடு வந்தார். வீட்டிலிருந்து சிறுதொழில் செய்யும், வருமானம் குறைந்த பெண்களுக்கு ஓர் அறக்கட்டளை ஆளுக்கு ஆயிரம் வெள்ளி கடன் கொடுக்கிறது. வட்டி கிடையாது. வாரம் இருபது வெள்ளி தவணை, நிர்வாகச் செலவுக்கு ஒரு வெள்ளி, ஐம்பது வாரம். ஆனால் தனி ஆளுக்குத் தர மாட்டார்கள். ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். முறுக்கு சுட்டு விற்கும் கண்மணியோடு சேர்த்து நான்கு பேர்தான் இருந்தார்கள்.

“எனக்கு என்ன தொழில் தெரியும் கண்மணி?”

“ஏதாச்சும் எழுதிக்கலாம்லா. தைக்கத் தெரியுமாக்கா?”

“பட்டன் தைப்பேன்.”

‘தலையணை உறை தைத்து விற்பது’ என்று கண்மணி எழுதினார். பாப்பாத்தி கையெழுத்துப் போட்டார்.

பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. பாப்பாத்தி அதைத் தொடவில்லை. வாரா வாரம் அதிலிருந்தே இருபத்தொரு வெள்ளி எடுத்து அவர்களிடமே கட்டினார். ஒரு வாரமும் தவறவில்லை. அறக்கட்டளையின் அதிகாரி ரஞ்சன், முப்பது வயது இளைஞர், இவ்வளவு ஒழுங்கான கடனாளியைப் பார்த்ததில்லை என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அடுக்குமாடி புளோக்கின் கீழே, சுவரில்லாத தரைத்தளமான வாய்ட் டெக்கில் குழு கூடும். தவணை கட்டி முடித்ததும் அந்த வாரம் விற்றதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கண்மணி முறுக்கைச் சொல்வார். மாலை கட்டும் அக்கா தங்கை இருவரும் மாலையைச் சொல்வார்கள். குழுவில் இளையவள் இளமதி, செங்காங்கிலிருந்து வருவாள். பிறந்தநாள் கேக்குகளைப் பற்றிச் சொல்வாள். முதல் வாரம் பாப்பாத்தி, “நாலு உறை” என்றார். யார் வாங்கியது என்று ரஞ்சன் கேட்டார். “தெம்பனிஸ்ல ஒரு டீச்சரம்மா” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

டீச்சரம்மா நல்ல வாடிக்கையாளராக அமைந்துவிட்டார். மாதம் இரண்டு முறை வாங்கினார். பூப்போட்ட துணி அவருக்குப் பிடிக்காது. அவருடைய கணவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆனபோது குழுவே கவலைப்பட்டது. கண்மணி அவருக்காக ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தனுப்பினார். பாப்பாத்தி அதை மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டார்.

இருபத்தெட்டாவது வாரம் இளமதி வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் அணைத்தே கிடந்தது. அவள் தவணையை மற்ற நால்வரும் பங்கு போட்டார்கள். தலைக்கு ஐந்து வெள்ளி இருபத்தைந்து காசு. மூன்றாம் முறை அந்த இருபத்தைந்து காசைத் தேடும்போது மாலை கட்டும் தங்கை, போலீசுக்குப் போகலாமா என்று கேட்டாள்.

“நான் போய்ப் பாத்துட்டு வரேன்” என்றார் பாப்பாத்தி. லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் செங்காங்கில் இறங்கலாம், மாற வேண்டியதில்லை.

இளமதி கதவைத் திறந்தாள். இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை.

“காசு கேக்க வந்தீங்களா ஆன்ட்டி?”

“இல்ல. மூணு வாரமா உன்னைக் காணோமே.”

கேட்டும் திறந்தது. சமையலறையில் ஓவன் மேல் துண்டு போர்த்தியிருந்தது. “கெட்டுப்போச்சு ஆன்ட்டி. ரிப்பேருக்கு இருநூத்தி அறுபது கேக்குறாங்க. நாலு ஆர்டர் கேன்சல் பண்ணிட்டேன். போன் அடிச்சாலே பயமா இருக்கு, அதான் ஆஃப் பண்ணி வச்சுட்டேன்.” சொல்லிவிட்டு இளமதி அழுதாள்.

பாப்பாத்தி காப்பி குடித்தார். பிறகு ரயில் நிலையம் வரை நடந்துபோய், இயந்திரத்தில் இருநூற்று அறுபது வெள்ளி எடுத்துக்கொண்டு திரும்பவும் இளமதியின் பத்தாவது மாடி வீட்டுக்கு வந்தார்.

“வாரம் பத்து வெள்ளியாத் திருப்பிக் கொடு. சனிக்கிழமை நேர்ல வந்து கொடு. பேங்க்ல போடாதே.”

வங்கியில் மீதி நூற்றுப் பத்து வெள்ளி இருந்தது. தவணையோ இன்னும் இருபது வாரத்துக்கு இருந்தது. ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் தாம் கடன் வாங்கியிருப்பது பாப்பாத்திக்கு உறைத்தது. அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை இளமதி வந்து எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். கண்மணி பாப்பாத்தி பக்கம் திரும்பினார்.

“உறையில அவ்வளோ லாபமாக்கா?”

“உறையே இல்ல, கண்மணி.”

“டீச்சரம்மா?”

“அவங்களும் இல்ல.”

“அப்ப அந்த முட்டி ஆபரேஷன்?”

பாப்பாத்தி இல்லை என்று தலையாட்டினார்.

“என் முறுக்கு?”

“நல்லா இருந்துச்சு.”

“எதுக்குக்கா இதெல்லாம்?”

“வீட்ல பேச ஆள் இல்ல. சனிக்கிழமைன்னா இங்க வரலாம், நாலு பேர் கேப்பாங்க. வாரத்துக்கு ஒரு வெள்ளிதானே.”

யாரும் சிரிக்கவில்லை. ரஞ்சனின் படிவத்தில் ‘தொழில் நடக்கிறது’, ‘தொழில் மூடப்பட்டது’ என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. திறக்காததை எப்படி மூடுவது என்று யோசித்து, முதல் கட்டத்தில் குறியிட்டார்.

கண்மணி ஒரு வாரம் பேசவில்லை. மின்தூக்கியில் சந்தித்தால் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டாம் நாள் கதவைத் தட்டி, “அந்த ஆளுக்குக் கால் இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார். “நடக்குறார்” என்றார் பாப்பாத்தி. இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சிரித்தார்கள்.

கடைசிப் பதினைந்து தவணைகளைப் பாப்பாத்தி சம்பளத்திலிருந்து கட்டினார். இளமதியின் பத்து வெள்ளி வாராவாரம் வந்தது. அவளுடைய ஓவன் நன்றாக வேலை செய்கிறது.

ஐம்பது வாரம் முடிந்ததும் மற்றவர்கள் அடுத்த கடனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பாப்பாத்தி தமக்குக் கடன் வேண்டாம், கூட்டத்துக்கு மட்டும் வருகிறேன் என்றார். கடன் வாங்காதவர் உட்கார விதியில்லை. ரஞ்சன் அலுவலகத்துக்கு எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: தொண்டூழியராக வரலாம், இரண்டு நாள் பயிற்சி எடுக்க வேண்டும். பயிற்சி முடிவில் அவருக்கு இரண்டு அளவு பெரிய பச்சைச் சட்டை கொடுத்தார்கள்.

இப்போது எந்தக் குழுவில் யார் வராமல் போனாலும் ரஞ்சன் பாப்பாத்தியைத்தான் கூப்பிடுகிறார். போன இடத்தில் பாப்பாத்தி பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஏன் காணோம் என்று மட்டும் கேட்பார். இதுவரை பதினொரு வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒன்பது வீட்டில் கதவு திறந்தது. ஏழு வீட்டில் காப்பி கொடுத்தார்கள்.