டெமோவுக்கு நாலு வரி போதும்

1. முதல் நாள்

தெப்பக்குளம் பக்கத்தில் இருந்த இசைக்கருவிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி என்னைக் கீபோர்டு முன்னால் உட்கார வைத்தார். வால்ட்ஸ் என்கிற ஒரு பழைய மேல்நாட்டு நடன மெட்டின் முதல் நாலு வரியை, எந்த விரல் எந்தக் கட்டையில் என்று சொல்லிக் கொடுத்தார். மதியத்துக்குள் எனக்கு வந்துவிட்டது. "அடுத்த வரிண்ணே?" என்றேன் ஆசையாக.

"டெமோவுக்கு நாலு வரி போதும் சேவியர். அஞ்சாவது வாசிச்சா கஸ்டமர் கேட்டுக்கிட்டே நிப்பான், பில் போட மாட்டான்."

வியாபாரத்தில் அவர் சொன்னது முழு உண்மை. நாலாவது வரி முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, "பாத்தீங்களா, எவ்ளோ ஈஸி!" என்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் பர்ஸைத் திறந்துவிடுவார்கள். வாசித்துக் காட்டவென்றே கடை நடுவில் வைத்திருந்த கீபோர்டுக்கு 'டெமோ பீஸ்' என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் அதில் அந்த நாலு வரியை வைத்தே பிழைப்பை ஓட்டினேன்.

நான் பெரிய வித்வான் என்று ஊரில் ஒரு நினைப்பு. கோயிலில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வாசிக்கக் கூப்பிடுவார்கள். "சீசன் நேரம் ஃபாதர், கடையை விட்டு வர முடியாது" என்று நழுவிவிடுவேன். திருச்சியில் எத்தனையோ வீடுகளுக்குக் கீபோர்டு போனது என் கையால்தான். என் வீட்டில் ஒன்று கிடையாது. ரெண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கவே சம்பளம் சரியாகப் போனது.

2. திருப்பித் தர வந்த மாமி

ரங்கநாயகி மாமிக்கு ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் கீபோர்டு வாங்கிப் போனவர், ஒரே மாதத்தில் அதை ஆட்டோவில் ஏற்றித் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்.

"கிளாஸுக்குப் போக முடியலை சேவியர். ஆத்துக்காரர் படுத்த படுக்கையா இருக்கார். விட்டுட்டு நகர முடியலை. இதும்மேல தூசிதான் படியறது. நீங்களே எடுத்துக்கோங்கோ."

முதலாளி கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். "விக்கிறதுதாம்மா நம்ம வேலை, திரும்ப வாங்குறதில்ல."

மாமியின் முகம் வாடிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. துவாக்குடி காலேஜ் பிள்ளைகள் கிடார் கம்பி வாங்க வரும்போது பேசிக்கொள்ளும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. பண்டில் சேல். கேம்ஸ், சில சமயம் வீட்டிலிருந்தே இசை கற்றுத்தரும் சாஃப்ட்வேர் என்று பலதை ஒரே மூட்டையாகக் கட்டி, அடிமாட்டு விலைக்கு, கொஞ்ச நாள் மட்டும் வெப்சைட்டில் விற்பார்கள். கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகும். எவ்வளவு போக வேண்டும் என்பதை நாமே திரையில் ஒரு பட்டையை இழுத்து வைக்கலாம்.

கடை கம்ப்யூட்டரில் தேடினேன். மாமியின் அதிர்ஷ்டம், அன்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பியானோ, கிடார், டிரம்ஸ் எல்லாம் இருந்தன. தர்மப் பங்கு, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு வாத்தியம் வாங்கித் தரும் ஓர் அறக்கட்டளைக்கு. மாமி மவுஸை வாங்கிப் பட்டையைத் தர்மத்தின் பக்கம் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டார்.

"செஞ்சு விக்கிறவனுக்கு ஒண்ணும் இல்லையா மாமி?" என்றேன்.

"பாவம், அவனும் பொழைக்கட்டும்" என்று ஒரு நூல் பின்னால் தள்ளினார்.

ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் திறக்கும் ரகசிய எண்கள், லைசென்ஸ் கோடுகள், வரிசையாக மெயிலில் வந்து விழுந்தன. வேண்டாததை வேறு யாருக்காவது பரிசாக அனுப்பலாம். "எனக்குப் பியானோ மட்டும் போறும். மத்ததெல்லாம் நீங்க வெச்சுக்கோங்கோ" என்றார் மாமி. பியானோ கோடு ஒன்றே ஒன்றுதான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல, மாமி சிரித்துவிட்டார். "இது உங்களுக்கெதுக்கு? நீங்கதான் பிரமாதமா வாசிக்கறேளே!"

சுருக்கென்றது. எனக்கும் அது வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? கிடார் கோடும் டிரம்ஸ் கோடும் மறுநாளே வேறு கஸ்டமர்களுக்குப் போய்விட்டன.

3. வராத பண்டில்

சில மாதம் கழித்து அடாப்டர் வாங்க வந்த மாமி, நேராக டெமோ பீஸ் முன்னால் போய் உட்கார்ந்தார். என் நாலு வரியை வாசித்தார். "சபாஷ்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. ஐந்தாவது வரிக்குப் போய்விட்டார்.

அடடா! அதுவரை துள்ளிக்கொண்டு போன மெட்டு அங்கே அப்படியே அடங்கியது. யாரையோ ரயிலேற்றிவிட்டு வீடு திரும்புகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாகக் கலகலப்பான மெட்டு என்று சொல்லி இதையா விற்றேன்? அழுகை வந்துவிடுமோ என்று அடாப்டர் பெட்டியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"சாஃப்ட்வேர்ல இது இருந்தது. உங்க ஞாபகமா எடுத்துக் கத்துண்டேன்" என்றார் மாமி. "நீங்க ஏன் எப்பவும் நாலோட நிறுத்திடறேள்?"

"கடையில எங்க மாமி நேரம்?"

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேறெதையோ சொல்கிறவர் போலச் சொன்னார். "அதுல வெயிட் மோடுன்னு ஒண்ணு இருக்கு. சரியான கட்டையை அமுக்கற வரைக்கும் பாட்டு நகராது. நடுவுல இவர் கூப்பிட்டா எழுந்து போயிடுவேன். திரும்பி வந்தா அதே எடத்துல நிக்கறது. மனுஷா யார் அப்படி நிப்பா, சொல்லுங்கோ?"

அன்றிலிருந்து எனக்குப் பண்டில் பைத்தியம் பிடித்தது. கடை திறந்ததும் முதல் வேலை அந்த வெப்சைட்டைப் பார்ப்பது. கேம்ஸ் வரும், போட்டோ திருத்துவது வரும், சமையல் புத்தகம் கூட வரும். இசை மட்டும் வராது. முழு விலை கொடுத்து வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். உண்மையைச் சொன்னால், அது வராத வரைக்கும் எனக்கும் ஒரு சாக்கு இருந்தது. வாங்கி, உட்கார்ந்து, என் விரலுக்கு வராமலே போய்விட்டால் அப்புறம் எதை நினைத்து ஏங்குவது?

நான் ஓய்வு பெறும் மாதத்தில் அது வந்தது. என் கார்டில் வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் வசதியை முடக்கி வைத்திருந்தார்கள். பேங்குக்கு ஓடித் திறந்துவிடச் சொல்லி, சேல் முடிவதற்குள் வாங்கிவிட்டேன். பட்டையை மாமி வைத்த இடத்திலேயே வைத்தேன்.

4. டெமோ பீஸ்

கடைசி நாளன்று முதலாளி, "உனக்குச் சுவர்க் கடிகாரம் ஒண்ணு சொல்லிருக்கேன்ப்பா. வேற எதாச்சும் வேணுமா?" என்றார்.

"அந்த டெமோ பீஸைக் குடுங்கண்ணே."

"அந்தப் பழசா? உன் விரல் பட்டுப் பட்டு கட்டையெல்லாம் தேஞ்சு கெடக்கு." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எதுக்குப்பா? உனக்குத்தான் நாலு வரிக்கு மேல தெரியாதே."

ஊரிலேயே அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"அதுக்குத்தாண்ணே" என்றேன்.

அவரே ஒயரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

கடைகளில் டெமோ வாசிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வேலை நேரத்தில் நாலு வரியோடு நிறுத்துங்கள், சம்பளம் அதற்குத்தான். ஆனால் வீட்டுக்குப் போய் அடுத்த வரியைக் கற்றுக்கொள்ளுங்கள். சேல் வரட்டும் என்று என்னைப் போல உட்கார்ந்திருக்காதீர்கள்.

பாலக்கரை வீட்டில் டெமோ பீஸை மேஜையில் ஏற்றி, மகளுடைய பழைய லேப்டாப்பில் கேபிளை மாட்டி, வெயிட் மோடில் போட்டேன். நாலு வரியும் தண்ணீர்பட்ட பாடு. ஐந்தாவது வரியில் திரை நின்றது. ஒரு கட்டை மட்டும் நீலமாக மின்னியது. எந்த விரல் என்று சொல்ல முதலாளி பக்கத்தில் இல்லை. எழுந்து போய் மாமிக்குப் போன் போட்டேன். ஆத்துக்காரர் போன பிறகு அவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார்.

"மாமி, அஞ்சாவது வரிக்கு வந்துட்டேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. "வந்துட்டேளா! அவசரப்படாதேங்கோ சேவியர்."

பழைய கதையெல்லாம் பேசினோம். ஸ்ரீரங்கத்து வெயிலைக் கூட விசாரித்தார். போனை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். பாட்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.