மெஷினுக்கு வராத வெள்ளைக்காரர்

“காலை ஐந்து மணி. எழும்பூர். வாடகை அம்பாசடர். லேசான பனி.” 1982 மார்ச் மாதத்து என் பயணக் குறிப்பு இப்படித் தொடங்குகிறது. தேதி எழுதிய மூலையில் காபி சிந்தி மை கரைந்துவிட்டது. வியாழக்கிழமை என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

உடன் வந்தவர் ஓர் ஐரோப்பிய நாட்டுத் தூதரக அதிகாரி. பெயரையும் நாட்டையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மனித உரிமைக்காகப் பாடுபட்டுத் தொல்லைக்கு உள்ளாகிறவர்கள் எங்கிருந்தாலும் நேரில் போய்ப் பாருங்கள் என்று அவருடைய அரசாங்கம் தன் தூதரகங்களுக்குச் சொல்லியிருந்தது. முன்பு லத்தீன் அமெரிக்காவில் இருந்தபோது, நீதிமன்றங்களின் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் தன் வேலை என்றார். எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை.

நாங்கள் பார்க்கப் போனது காடாம்புலியூர் ஆரோக்கியமேரியை. அவர் கணவர் நெய்வேலிப் பக்கம் ஒரு தனியார் காண்ட்ராக்டரிடம் மண் வெட்டும்போது கரை சரிந்து இறந்தவர். அதேபோல் கணவரை இழந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நஷ்டஈடு கேட்டுக் காண்ட்ராக்டரின் அலுவலக வாசலில் மேரி உட்கார்ந்தார். போலீஸார் மேரிமேல் வழக்குப் போட்டார்கள். ஜாமீனுக்கு நிபந்தனை, தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. ஒரு நாள் தவறினாலும் மறுபடி சிறை. பத்து மணிக்கே போனாலும் மதியம்வரை நிற்க வைத்ததால், முந்திரி உடைக்கும் வேலையும் போய்விட்டது.

திண்டிவனத்தில் காபி, முக்கால் ரூபாய். விழுப்புரம் தாண்டிப் பண்ருட்டி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சாலையோரத்தில் முதல் பலாக்கள் வந்திருந்தன.

“தொரைக்கு ரெண்டு சுளை வாங்கிக் குடுப்பமா சார்?” என்றார் ஓட்டுநர். “பாலு கையில ஒட்டிக்கினா ஊருக்கே திரும்ப மாட்டாரு.”

ஒன்பதேகால். காடாம்புலியூரில் மாதாகோயில் எதிரே மேரி குடையோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். காருக்குள் எட்டிப் பார்த்தார்.

“இவருதானா? நான் நரைச்ச ஆளா இருப்பாருன்னு நெனைச்சிகினு இருந்தேன்” என்றபடி முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

காவல் நிலையத்துக்கு நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நகரியத்தின் வழியாகப் போக வேண்டும். நுழைவாயிலில் இருந்த காவலர், தூதரக அதிகாரியைப் பார்த்ததும் விறைப்பாகச் சல்யூட் அடித்தார். “கெஸ்ட் ஹவுஸ் நேராப் போய் லெஃப்ட் சார். மைன்ஸுக்குப் போக ஜீப் சொல்லணுமா?”

வேண்டாம் என்றேன். மேரி சிரித்தார். “இங்க வெள்ளைக்காரர்னா சொரங்கத்து மெஷினுக்கு வந்தவருதாங்க. மெஷினுக்கு ஒண்ணுன்னா கடல் தாண்டி ஆள் வருவாங்க. எங்க வூட்டுக்காரர் செத்தப்ப காண்ட்ராக்டர் வூட்லேந்து மாலைதான் வந்தது.”

மொழிபெயர்த்தேன். அதிகாரி வெளியே, ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸ் வரிசைகளையும் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

பத்துக்கு ஐந்து நிமிடம். காவல் நிலைய எழுத்தரை எல்லோரும் ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். நாற்காலிகள் வந்தன. மேரிக்கும் ஒன்று வந்தது. கையெழுத்துப் பதிவேட்டை ரைட்டரே மேரி பக்கம் திருப்பி வைத்தார்.

“தொரை எந்த மெஷினுக்கு வந்திருக்காங்க?” என்று என்னைக் கேட்டார்.

அதிகாரியிடம் சொன்னேன். கையெழுத்து முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றார் மெல்லிய குரலில். அதை மேரியின் காதில் போட்டேன். பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு என்னிடம் கிசுகிசுத்தார்.

“இப்பப் போட்டுட்டுப் போயிடலாங்க. நாளைக்கி யாராச்சும் சொல்லி ரைட்டருக்குத் தெரிஞ்சா, ஏமாந்துட்டமேன்னு வர்ற கோவம் யார்மேல வரும்? தொரை டெல்லில இருப்பாரு. நான் இங்க வந்து நிக்கணும்.”

எழுந்து நின்றார். “ஐயா, இவரு மெஷினுக்கு வரல. என் கேஸப் பாக்க வந்திருக்காரு. வெளிநாட்டு சர்க்காருங்க.”

“உனக்கா?”

“எனக்குத்தான்.”

பதிவேடு மூடப்பட்டது. ரைட்டர் ஆய்வாளருக்குத் தொலைபேசியில் பேசினார். மேரி சுவரோரம் போய் நின்றார். அதிகாரியும் நாற்காலியை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கையெழுத்தில்லாமல் இந்த நாள் போனால் என்ன ஆகும் என்பது மூவருக்கும் தெரியும்.

ஆய்வாளர் வந்தபோது மணி ஒன்றாகப் போகிறது. அதிகாரியின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெளிநாட்டுக்காரன வெச்சு மிரட்டறியா?”

“மிரட்டலங்க. நான் தெனமும் வந்து நிக்கிறத ஒரு ஆளு பாக்கட்டுமேன்னுதான்.”

அதிகாரி சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: “வழக்கில் தலையிட வரவில்லை. இங்கே பார்த்ததை என் அரசாங்கத்துக்கு எழுதுவேன்.”

ஆய்வாளர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பதிவேட்டை மேரி பக்கம் தள்ளினார். “போடு. நாளைக்கும் பத்து மணி. மறந்துடாதம்மா.” அந்த ‘அம்மா’வில் மரியாதை இருந்ததா, எச்சரிக்கை இருந்ததா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், தன் அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்று அதிகாரி மேரியிடமே கேட்டார்.

“தைரியமான பொம்பளைன்னு எல்லாம் வேணாங்க. பத்து மணிக்கு வந்தா, ஒரு மணிக்கு வுட்டாங்கன்னு எழுதச் சொல்லுங்க. அது போதும்.”

காடாம்புலியூரில் இறங்கியவர், திரும்பிப் பார்க்காமல் முந்திரித் தோப்புப் பாதையில் நடந்தார். சென்னையில் என் தெருமுனையிலும் ஒரு காவல் நிலையம் இருக்கிறது. பல வருடங்களாக அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன். உள்ளே யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

கோடை முடிவதற்குள் மேரியின் நிபந்தனை வாரம் ஒரு கையெழுத்தாகக் குறைந்தது. மறுபடி வேலைக்குப் போவதாக எழுதியிருந்தார். தங்கள் அரசாங்கம் டெல்லியில் பேசியதன் பலன் என்று அதிகாரி நம்பினார். வழக்கமான மனு, வழக்கமான உத்தரவு என்றார் மேரியின் வக்கீல். உத்தரவின் நகலை வாங்கிப் படித்தேன். காரணம் எதுவும் எழுதப்படவில்லை. டெல்லியில் யாராவது பேசினார்களா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.