நான்கு ஸ்க்ரூவும் நெயில் பாலிஷும்

என் டூல்ஸ் பையைத் தலைகீழாகப் பிடித்துக் கடை மேசைமேல் கொட்டியது ஒரு சனிக்கிழமை காலையில். கொட்டியவர் என் முதலாளி மைதீன் பாய். கட்டிங் பிளேயர், டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஈயக் கம்பிச் சுருள், ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதம், ஒரு பல்பொடி டப்பா. டப்பாவைத் திறந்தார். உள்ளே ஸ்டீரியோ செட்டுகளிலிருந்து கழற்றிய ஏழெட்டு பழைய ஐசி கிடந்தது. வாசலில் கூடியிருந்தவர்களில் யாரோ, "அப்ப சரி" என்றார்.

கார் ஸ்டீரியோ வேலை கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் என்னிடம் எந்த செட் தாங்கும், எந்த ஸ்பீக்கர் நல்லது என்று கேட்கிறார்கள். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். ஆறு வருஷம் உழைத்த கடையில் பத்து நிமிஷத்தில் நான் திருடனான நாள் அது.

1. வண்டியே ஒரு ஒயர்

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போய், வேறு மூன்று பேரோடு ஒரு ரூமில் தங்கினேன். ஊரில் ரேடியோ ரிப்பேர் பழகியிருந்தேன். மைதீன் பாய் கடை கொச்சங்காடிக்குப் போகிற வழியில், ஒரு சுக்கு கோடவுனுக்கும் சாயாக்கடைக்கும் நடுவில் இருந்தது. அவருடைய பாட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், கணக்கு எழுதுவது மலையாளம். சேர்ந்த அன்றே, "நம்ம பாஷக்காரன்" என்று என் தோளில் கை போட்டார். அந்தக் கையை நான் ரொம்ப நாள் நம்பினேன்.

எண்பதுகள் பிறந்ததும் கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்கள் கேசட் ஸ்டீரியோ கொண்டுவர ஆரம்பித்தார்கள். பாதிப் பேரிடம் கார் கிடையாது. செட்டை முதலில் வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டி, மூன்று வருஷம் கழித்து அதற்கொரு காரை வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மைதீன் பாய்க்கு வேலையில் ஒரு முறை உண்டு. அந்தக் காலத்து செட்டில் ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர்தான் வரும். ஸ்பீக்கரின் இன்னொரு முனையை வண்டித் தகரத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டால் போதும். பேட்டரியின் நெகட்டிவ் வண்டி பாடியோடு சேர்ந்திருப்பதால், கரண்ட் தகரம் வழியாகவே செட்டுக்குத் திரும்பிவிடும். பாடி எர்த் என்போம். அம்பாசடரில் பின்சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, இரண்டு ஒயர் இழுப்பது அரை நாள் வேலை. பாடி எர்த் என்றால் மதியச் சாப்பாட்டுக்குள் வண்டி வெளியே போய்விடும்.

"எடா சுப்பையா, வண்டி முழுக்க இரும்புடா. வண்டியே ஒரு பெரிய ஒயர்தான். பின்ன எதுக்கு இன்னொண்ண இழுத்துட்டுக் கெடக்கணும்?" என்பார். பழைய செட்டுக்கு அது சரியான வேலைதான். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

2. கபீரின் செட்

கபீர் பாய் துபாயில் ஏழு வருஷம் டிரைவராக இருந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று வந்தவர். பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி, வில்லிங்டன் தீவில் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு டாக்சி ஓட்டினார். அவர் வீட்டிலும் தமிழ்தான்.

அவர் கொண்டுவந்த செட் மட்டாஞ்சேரிக்குப் புதுசு. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர், இரண்டிலும் கரண்ட் வரும்; ஒன்று தகரத்தைத் தொட்டாலும் உள்ளே சத்தத்தைப் பெருக்குகிற ஐசி கருகிவிடும். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. அதில் ஸ்பீக்கர் ஒயரை பாடியில் தொடவைத்ததுபோல் ஒரு படம், அதன்மேல் பெரிய பெருக்கல் குறி. இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் புரியும். செட்டின் மேல்மூடியில் நான்கு ஸ்க்ரூ. நான்கின் தலையிலும் நெயில் பாலிஷ் வைத்திருந்தார், காப்பிக்கொட்டை நிறத்தில். கல்ஃப் செட் வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மெக்கானிக் திறந்து ஒரிஜினல் ஐசியை உருவிக்கொண்டு டூப்ளிகேட்டை வைத்துவிடுவான் என்று பயம். திறந்தால் பாலிஷ் உரிந்து காட்டிக்கொடுத்துவிடும். கபீர் பாய் அந்தக் குட்டி பாட்டிலை வண்டி டாஷ்போர்டிலேயே வைத்திருந்தார்.

"தொறக்கறதுன்னா என்னைய விளிக்கணும், கேட்டியா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு சாயா குடிக்கப் போனார்.

நான் தாளை மைதீன் பாயிடம் காட்டினேன். "முதலாளி, இதுல ரெண்டு ஒயரும் ஸ்பீக்கருக்கே போகணுமாம். பாடியில தொடக்கூடாதாம்."

அவர் தாளை வாங்கி மூக்குக்கண்ணாடி இல்லாமலேயே பார்த்தார். "இத எழுதுன ஜப்பான்காரன் மட்டாஞ்சேரி கண்டிருக்கானா? மிச்சம் வர்ற ரெண்டு ஒயரயும் முறுக்கி பாடியில குடு. ரெண்டு மணிக்கு வண்டி போகணும்."

நான் கொடுத்தேன். இதை ஒளிக்க மாட்டேன். தப்பு என்று தெரிந்தும், என் கையால்தான் முறுக்கினேன், என் கையால்தான் ஸ்க்ரூவை முடுக்கினேன். முதலாளி சொன்னார், செய்தேன். இன்று நினைத்தாலும் அந்த விரல்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

மூன்றாம் நாள் செட் ஊமையாகிவிட்டது.

3. வியாழனும் வெள்ளியும்

கபீர் பாய் வியாழக்கிழமை செட்டைக் கழற்றச் சொல்லி, கடையில் விட்டுவிட்டு, சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். அவருக்கு ஆலப்புழைக்கு ஓட்டம் இருந்தது. "நான் வந்த பெறகு தொறந்தாப் போதும்" என்று மறுபடியும் சொன்னார்.

அவர் முன்னால் திறந்தால் என்ன ஆகும் என்பது மைதீன் பாய்க்குத் தெரியும். கருகின ஐசி வெளியே வரும். ஏன் கருகியது என்று கேட்பார். தாளைக் காட்டவேண்டி வரும். அன்று சாயங்காலம் செட்டை ஒரு துணிப்பையில் போட்டு, "வீட்ல வச்சு ஒண்ணு நோக்கறேன்" என்று எடுத்துப்போனார். வெள்ளிக்கிழமை காலையில் திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். பெஞ்சில் தனி ஸ்பீக்கர் மாட்டிப் போட்டோம். அருமையாகப் பாடியது. "லூஸ் கனெக்ஷன்தான்" என்றார். நான் ஸ்க்ரூவின் நிறத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்குத் தெருவே பள்ளிவாசலுக்குப் போய்விடும். கடைச் சாவியோடு நான் மட்டும் இருப்பேன். ஆறு வருஷமாக எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கிடைத்த மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

4. சனிக்கிழமை

காலையில் செட்டை வண்டியில் மாட்டினேன். பாடி எர்த் அப்படியேதான் இருந்தது. அதை மாற்றலாமா என்று கேட்டதற்கு மைதீன் பாய் கண்ணாலேயே அதட்டினார். கபீர் பாய் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு கிளம்பினார். படகுத்துறை வரைகூடப் போகவில்லை. கருகின வாடையோடு திரும்பி வந்தார்.

செட்டை அவரே உருவி எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். நான்கு ஸ்க்ரூத் தலையையும் கட்டைவிரலால் தடவினார். பிறகு கத்தினார்.

"இது என் பாலிஷ் இல்ல! நான் வச்சது காப்பிக் கலர். இது ரோஸ். ஆரோ தொறந்து, பின்னயும் பூசி வச்சிருக்கான்!"

சாயாக்கடையிலிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். மூடியைத் திறந்தார்கள். உள்ளே புது ஈயம் பளபளக்க, நம்பர் அழிந்துபோன ஒரு டூப்ளிகேட் ஐசி கருகிக் கிடந்தது. ஒரிஜினல் இல்லை.

மைதீன் பாய் என்னைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "வெள்ளியாழ்ச்ச ஜும்ஆ நேரத்துல கடையில இவன் மாத்திரம்தான் இருந்தான்."

"முதலாளி, வியாழக்கிழமை நீங்கதானே வீட்டுக்குக் கொண்டு போனீங்க?"

"நான் கொண்டு போனது என் வீட்டு ரேடியோ. எடா, ஆலோசிச்சுப் பேசு."

அதோடு பையைக் கொட்டினார். செத்த ஐசிகளை எல்லா மெக்கானிக்கும் சேர்த்துத்தான் வைத்திருப்பான். அதன் கம்பிக்கால்களை நிமிர்த்தி டெஸ்டுக்கு எடுக்கலாம், நம்பர் பார்க்கலாம். மைதீன் பாயிடமே ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. ஆனால் கூட்டத்துக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? என் பல்பொடி டப்பாதான் தெரிந்தது.

நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். ஐசி ஏன் கருகியது, பாடி எர்த் ஏன் ஆகாது என்று ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தேன். மெக்கானிக் புத்தி வேறெங்கே போகும். ஒருத்தரும் கேட்கவில்லை. "பாண்டியக் கடையில வச்சா இதான்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். தமிழனை அங்கே பாண்டி என்பார்கள்; சொன்னவருக்கும் பாட்டன் ஊர் தமிழ்நாடுதான். கபீர் பாய் என் முகத்தைப் பார்க்காமல் செட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அந்தத் தெருவில் வேறு மூன்று கடைகளில் வேலை கேட்டேன். மூன்று பேரும் சாயா வாங்கிக் கொடுத்தார்கள். வேலை கொடுக்கவில்லை.

5. கலூர்

ஒரு மாதம் அலைந்தபிறகு, காயலுக்கு அக்கரையில் கலூரில் பிரைவேட் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பஸ்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் வேலை கிடைத்தது. பிறகு அங்கேயே ஓரமாக ஒரு பெஞ்சு எனக்கென்று ஆனது. நாலைந்து வருஷம் போயிருக்கும். ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் ஒரு அம்பாசடர் வந்து நின்றது. கபீர் பாய் இறங்கினார். தலை நரைத்திருந்தது. என்னை எதிர்பார்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"புது செட்டு மாட்டுனேன் சுப்பையா. இதும் சூடாவுது. மட்டாஞ்சேரில ஒருத்தனுக்கும் பிடி கிட்டல."

பின்சீட்டைக் கழற்றினேன். நான் போட்ட ஸ்க்ரூ, துருப்பிடித்து அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை மெக்கானிக் கை பட்டும் யாரும் அதை எடுக்கவில்லை. "இதுதான் அன்னைக்கும் உங்க ஐசியக் கொன்னது, பாய். நான் திருடல" என்றேன்.

அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"நீ எடுக்கலன்னு எனக்கு அன்னைக்கே அறியும்."

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அந்த ரோஸ் பாலிஷ் துபாய்லருந்து நான் கொண்டு வந்தது. மைதீன் பாயோட மக நிக்காஹுக்கு நான்தான் என் கையால குடுத்தேன். கத்தின பெறகுதான் மனசிலாச்சு. அதுவுமில்லாம, நாலு ஆம்பிளைங்க கெடக்கற ரூம்ல உனக்கு எங்கேருந்துடா நெயில் பாலிஷ்?"

எனக்கு அது ஒருநாளும் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் ஒயரிங்கையே நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் நின்ற அத்தனை பேருக்கும் நான் ரூமில் இருப்பவன் என்று தெரியும். ஒருவராவது யோசித்திருக்கலாம். யோசித்த ஒருவர் என் எதிரில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏன் பாய் சொல்லல?"

"என் தங்கச்சிய அவரோட தம்பிக்குப் பேசிட்டிருந்த சமயம். நான் வாயத் தொறந்தா அது முடங்கும். நீ ஊருக்காரன் இல்லல்லோ. எங்க போனாலும் பொழைச்சுக்குவேன்னு விட்டுட்டேன். பொழைச்சுட்டியே."

"ஒரு தடவ மட்டாஞ்சேரிக்கு வந்து அந்தச் சாயாக்கடையில சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"இனி எதுக்கு? இப்ப அவங்க எனக்கு சொந்தம். அதெல்லாம் எல்லாரும் மறந்தாச்சு."

அவர்கள் மறந்தது அந்த செட்டை. என்னை மறக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்கூட ஒரு டாக்சிக்காரர், மட்டாஞ்சேரியில் கேள்விப்பட்டேன் என்று சொல்லி, பாதி வேலையில் செட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அவரை அப்படியே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று இன்றும் என் மனைவி சொல்வாள். எனக்கு முடியவில்லை. அந்த வண்டியில் என் தப்பு இருந்தது. துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கழற்றி எறிந்தேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர் இழுத்தேன். மதியச் சாப்பாட்டையும் தாண்டி வேலை நீண்டது. செட்டை அவர் முன்னாலேயே திறந்து, ஐசியைக் காட்டி, அவர் முன்னாலேயே மூடினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இரண்டுதான். ஒன்று, ஆகாது என்று தெரிந்த ஒயரை முதலாளி சொன்னார் என்பதற்காக முறுக்காதே. நாளைக்கு அவர் சொன்னது காற்றோடு போய்விடும், உன் கை மட்டும் நிற்கும். இரண்டு, "நம்பிக்கைதான், வச்சிட்டுப் போறேன்" என்று சொல்கிறவரிடம் செட்டை வாங்காதே. உட்காரச் சொல், பார்க்கச் சொல். எனக்குத் திமிர் என்று கலூரில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

அன்று செட்டை டாஷ்போர்டில் தள்ளுவதற்குக் கையில் எடுத்தேன். "ஒரு நிமிஷம் சுப்பையா" என்றார் கபீர் பாய். டாஷ்போர்டுக்குள் கையை விட்டு, அந்தக் காப்பிக் கலர் பாலிஷ் பாட்டிலை எடுத்தார். நான் செட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான்கு ஸ்க்ரூவிலும் ஒவ்வொரு சொட்டாக வைத்தார். காயும்வரை ஊதினார்.