எங்கள் மாடியில் ஒரு கோலாலம்பூர்

அறை வாடகைக்கு விடும் தொழிலில் முன்பெல்லாம் தண்ணீர் வருமா, மூட்டைப்பூச்சி இருக்குமா என்று கேட்டார்கள். இப்போது படி ஏறும்போதே வைஃபை வேகம் என்ன என்று கேட்கிறார்கள். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் எங்கள் கடைவீட்டு மாடியில் நாலு அறைகள். கீழே நானும் என் வீட்டுக்காரர் ஆரோக்கியமும் இருக்கிறோம். மேலே வந்து தங்குகிறவர்கள் எல்லாம் லேப்டாப் ஆட்கள். ஊர் ஊராகப் போவார்கள், வேலை மட்டும் பையில் கூடவே போகும். யார் கண்ணிலும் படாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் வாழ வேண்டும் என்பதுதான் அத்தனை பேருக்கும் ஆசை. அதற்குப் போய் பினாங்கைத் தேர்ந்தெடுத்தார்களே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். என்னைப் போல மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு, குடியிருப்பவர்களின் கவலையையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்துக்கொண்ட அன்பர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வயிறும் ரகசியமும்

மார்ட்டின் ஜெர்மனிக்காரர். வந்த அன்றே படிக்கட்டில் இருந்த கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார். லேப்டாப்பின் கண்ணில் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை ஒட்டி வைத்திருந்தார். காப்பிக் கடையில் பெயர் கேட்டால்கூட வேறு பெயர்தான் சொல்வார். நானும் மரியாதையாக அவரைப் பற்றி எதுவும் கேட்காமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

ஒரு நாள் காலையில் மார்ட்டினுக்கு வயிறு சரியில்லை. தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்க மூலையில் உள்ள காதர் அண்ணனின் மளிகைக் கடைக்குப் போனேன். யாருக்கு என்று அண்ணன் கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. மத்தியானம் மார்ட்டின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போனால், அங்கே அவருக்கு மீன் குழம்பு ஊற்ற மறுத்து, வெறும் சோற்றில் தயிரை ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சீனர் காப்பிக் கடையில் கேட்காமலேயே பாலில்லாத தேநீர் வந்திருக்கிறது. பூக்காரம்மா தன் வயிற்றைத் தடவிக் காட்டி, இப்போது எப்படி என்று சைகையில் விசாரித்திருக்கிறார். மார்ட்டின் திரும்பி வந்து என்னிடம் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்:

“இன்டர்நெட்டில் என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி எல்லா வழியையும் அடைத்துவிட்டேன், மேடம். உங்கள் மளிகைக் கடைக்காரரை எப்படி அடைப்பது?”

பிரிட்ஜ் மேல் ரேவதி

ரேவதி பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள சுங்கை பாக்காப் பெண். கோலாலம்பூரில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கே கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளி எரியுமாம். கொஞ்ச நேரம் கை வைக்காவிட்டால் அது மஞ்சளாகும், உடனே மேனேஜர் கூப்பிடுவார். கழிவறைக்குப் போனால்கூட ஓடித்தான் திரும்ப வேண்டும். ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டு நாற்காலிக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலையில் சேர்ந்தாள். எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். கடல் இருக்கிற ஊராகப் பார்த்து எங்கள் மாடிக்கு வந்தாள்.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. ஆபீஸ் வேலை போனால் மறுநாளே வீட்டுக்கு வந்து, தன் கைப்பேசிக் கடையில் உட்கார வேண்டும் என்று அவள் அண்ணன் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டான். அவன்தான் குடும்பத்தில் எல்லார் போனிலும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் போட்டு வைத்தவன். அதனால் ரேவதி தன் எண்ணைப் புதுப் போனுக்கு மாற்றிக்கொண்டு, பழைய போனைக் கோலாலம்பூர் கெப்போங்கில் இருக்கும் தோழி சுமதியிடம் கொடுத்துவிட்டாள். அது சுமதி வீட்டு பிரிட்ஜ் மேல் சார்ஜரில் கிடக்கும். வரைபடத்தில் ரேவதி கோலாலம்பூரில் இருப்பாள்.

ஒரு நாள் பிரிட்ஜைப் பழுதுபார்க்க ஆள் வர, சுமதி அந்தப் போனை எடுத்துக் கைப்பையில் போட்டிருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து அவள் அக்காவுக்குப் பிரசவ வலி. பகல் முழுக்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள், போனோடு. சாயங்காலம் அண்ணன் வரைபடத்தைப் பார்த்திருக்கிறான். அம்மா போனில் அழுத அழுகை கீழே எனக்குக் கேட்டது. சுமதியின் அக்காவுக்குத் துணையாக வந்தேன் என்று ரேவதி சத்தியம் செய்தாள். அவள் அப்பா மட்டும் பின்னாலிருந்து, பாப்பா நல்லாத்தான் இருக்கும், விடு என்று நிதானமாகச் சொன்னார். பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும், நம்பினால் இப்படி நம்ப வேண்டும் என்று நான் உருகிப் போனேன். போனை வைத்துவிட்டு ரேவதி சொன்னாள்:

“அக்கா, நான் இங்க சம்பல் தொட்டுச் சாப்டுக்கிட்டு இருக்கேன், அங்க எனக்குப் பிள்ளையே பொறந்துருச்சு.”

மழை

அவள் அப்பா மாரிமுத்து லாரி ஓட்டுகிறவர். கோழிப் பண்ணைகளிலிருந்து வடக்கே அலோர்ஸ்டாருக்கு முட்டை ஏற்றிப் போவார். தீவுப் பக்கம் அவருக்கு வேலையே கிடையாது என்ற தைரியத்தில்தான் ரேவதி இங்கே வந்தாள். தினமும் சாயங்காலம் அவர் வீடியோவில் கூப்பிடுவார். சாப்டியா பாப்பா, அங்க மழையா? இரண்டே கேள்விகள்தான். ரேவதி பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிடுவாள், ஜன்னலைச் சாத்துவாள். மாதா கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, கோயில் மேளம் மூன்றும் ஒரே ஜன்னலில் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். பிறகு கோலாலம்பூர் வானிலையைப் போனில் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள்.

ஒரு நாள் நான் முற்றத்தில் இருந்தேன். மேலே அவள், ‘நல்ல மழைப்பா, ஊத்துது’ என்றாள். நான் ஓடிப் போய்க் கொடியில் இருந்த துணியையெல்லாம் வாரி எடுத்தேன். அரைகுறையாகக் காய்ந்த வேட்டியும் கையுமாக நான் உள்ளே வருவதை ஆரோக்கியம் பார்த்தார். வெளியே வெயில் பளிச்சென்று இருந்தது. நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனிதர் சொன்னார்:

“சிசிலி, அது கோலாலம்பூர் மழைலா. நம்ம துணி நனையாது.”

அரிசி மூட்டைக்குப் பின்னால்

எதிர்க்கரையில், பாகான் டாலாமில் ரேவதிக்கு ஒரு சின்னம்மா இருக்கிறார். பெர்ரி ஏறிச் சேலை வாங்க இந்தப் பக்கம் வருகிறவர். ஒரு சனிக்கிழமை ரேவதி காதர் அண்ணன் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்க, சின்னம்மா வாசலில் வந்து நின்றார். பெண் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். இப்போது இங்கே நின்றது எங்கள் அக்கா மகள்தானே என்று சின்னம்மா கேட்க, காதர் அண்ணன் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், அது மலாக்காக்காரப் பெண், தமிழே சரியாக வராது என்று சொல்லிவிட்டார். சின்னம்மா புளி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு ஜெர்மனிக்காரரின் வயிற்றை வீதி முழுக்க விளம்பரம் செய்த மனிதர் இவர். நன்றி சொல்லப் போன நான் அதையும் கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்:

“ஊர்ல உள்ளத எல்லாம் சொல்றவன்தான், தங்கச்சி. அந்தப் பிள்ள மூட்டைக்குப் பின்னால நடுங்குனத பாத்துட்டு எப்படிச் சொல்றது?”

முட்டை லாரி

போன மாதம் ஒரு காலை, எங்கள் வாசலில் லாரி ஒன்று நின்றது. ஓர் அட்டை முட்டையோடு இறங்கியவர், பாப்பா மேலே இருக்கிறதா என்று கேட்டார். எந்தப் பாப்பா என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் சிரித்து, அடித்தாலும் சொல்ல மாட்டீர்கள் போல, ரொம்ப நல்லதும்மா என்று முட்டையை என் கையில் கொடுத்தார். மாடியிலிருந்து இறங்கிய ரேவதி அப்பாவைப் பார்த்ததும் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு அலோர்ஸ்டார் வழி மாறிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இப்போது பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் பசாருக்குத்தான் முட்டை கொண்டு வருகிறார். முதல் வாரமே, சிவப்பு விளக்கில் லாரி நிற்க, மகள் லேப்டாப் பையோடு அப்பம் தின்றுகொண்டு சாலையைக் கடந்ததைப் பார்த்திருக்கிறார். ஹாரன் அடிக்கப் போன கையை எடுத்துக்கொண்டாராம். பிரசவ ஆஸ்பத்திரி நாளிலும் காலையில் அவளை எங்கள் வாசலில் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இப்போது வந்ததற்குக் காரணம் உண்டு. அம்மாவும் அண்ணனும் மறுநாள் அவளைப் பார்க்கக் கோலாலம்பூர் பஸ் ஏறுவதாக இருந்தார்கள்.

“தெரிஞ்சும் ஏம்ப்பா கேக்கல? தினம் அங்க மழையான்னு வேற கேட்டீங்க” என்று ரேவதி அழுதாள். நானும் அழுதேன், முட்டை அட்டையோடு. அவர் படிக்குக் கீழே நின்று சொன்னார்:

“போன வருசம் என் லாரிக்கு ஜிபிஎஸ் மாட்டுனாங்க. ஒட்டுக்கடையில ஒரு தே குடிக்க நின்னா மொதலாளி தவுக்கே போன் பண்றான், ஏன் நிக்கிறேன்னு. அந்த வலி எனக்குத் தெரியும், பாப்பா. அத நான் உனக்குச் செய்வேனா?”

போர்வையை எடுத்த பிறகு

அன்று சாயங்காலம் ரேவதி போர்வையை எடுத்தாள், ஜன்னலைத் திறந்தாள், தானே வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். துணைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணியும் பாங்கும் மேளமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க, உள்ளதையெல்லாம் சொன்னாள். அண்ணன் போனைப் பிடுங்கி, இதெல்லாம் ஒரு வேலையா, நாளைக்கே மூட்டையைக் கட்டு என்றான். “வர மாட்டேண்ணே. எனக்கு வேலை இருக்கு. எங்க இருக்கேன்னு நானே சொல்றேன், நீ மேப்ப பாக்காத” என்றாள். பின்னாலிருந்து அப்பா, ஆபீசே இல்லாமல்தான் தானும் இத்தனை வருடம் சோறு போட்டதாகச் சொன்னார். அண்ணன் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

அம்மா போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். இனி பெண்ணை இங்கே இருக்க விட மாட்டார் என்று நான் பயந்த நேரத்தில் அவர் கேட்டார்:

“பாலம் தாண்டுனா வீடு. இத்தன மாசமா ஞாயித்துக்கெழம சோத்துக்கு வராமயா அங்க உக்காந்திருந்த?”

யார் கண்ணிலும் படாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் வாழும் சுதந்திரம் வேண்டும் என்று எங்கள் மாடி ஏறிய ரேவதிக்கு அது கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கலாக.