வெள்ளை உடுப்பும் சோளகக் காற்றும்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் அனலைதீவுப் பள்ளிக்கூடத்துக்கு ஒருவாறு பாண்ட் வாத்தியங்கள் வந்து சேர்ந்தன. என் மகளுக்குச் சின்ன ட்றம் ஒன்று கிடைத்தது. கதிரைச் சட்டம், குசினிப் பலகை, தம்பியின் முதுகு என்று கையில் அகப்பட்டதிலெல்லாம் அவள் அடித்துப் பழகினாள். நான் அதே பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவள். என் கணவர் தென்பகுதிப் பட்டினம் ஒன்றில் கடை வைத்திருந்தார். வருஷப் பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் ஊரில் காணலாம். அதனால் பிள்ளைகளைப் போக விடுவதும் மறிப்பதும் என் பொறுப்பாகவே இருந்தது.

அந்த வருஷம் தீவுப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டுப் போட்டி கடல் தாண்டி ஊர்காவற்றுறையில் நடந்தது. முதல் நாள் தொடக்க அணிவகுப்பில் பாண்ட் போகவேண்டும். அடுத்த நாள் பாண்ட் போட்டி. வாசிப்புக்கு மட்டுமல்ல, உடுப்புக்கும் புள்ளி உண்டு என்று பாண்ட் மாஸ்ரர் சொல்லிவிட்டார். அதோடு எங்கள் ஊர்த் தாய்மார் எல்லோருக்கும் நித்திரை போய்விட்டது. பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பாவாடை, பெடியன்களுக்கு வெள்ளைக் காற்சட்டை, எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு சோடிதான். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, சிரட்டைக் கரி நெருப்பில் அயன்பெட்டியைச் சூடாக்கி மடிப்பு மடிப்பாக அழுத்தினோம்.

இரண்டு நாளும் பிள்ளைகளை அங்கேயே தங்க வைக்கலாம் என்று மாஸ்ரர் கேட்டுப் பார்த்தார். பெண் பிள்ளைகளை வேறு ஊரில் இரவு தங்கவிட எங்களில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. போய்ப் போய் வரட்டும் என்றோம். அது தென்மேல் காற்றடிக்கிற சோளகக் காலம். காலையில் கடல் குளம் போலக் கிடக்கும். மத்தியானம் கழிந்தால் காற்று எழும்பும். ஊர்காவற்றுறையிலிருந்து வருகிற வள்ளம் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் வரவேண்டும். இதை அறியாத பிள்ளைகூட எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் உடுப்பைப் பற்றிக் கதைத்ததில் பத்தில் ஒரு பங்குகூடக் காற்றைப் பற்றிக் கதைக்கவில்லை.

முதல் நாள் பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிவர நாங்கள் இறங்குதுறைக்குப் போனோம். சேலைத் தலைப்பைப் பிடித்து வைக்க ஏலாத காற்று. வெகு நேரத்துக்குப் பிறகுதான் தூரத்தில் வள்ளம் தெரிந்தது. அதன் மேல்தட்டில் ஒரே வெள்ளை.

"அங்கை பாருங்கோ ரீச்சர்! கொக்குக் கூட்டம் மாதிரி நிக்குதுகள்," என்றாள் எனக்குப் பக்கத்தில் நின்ற தாய். அவளுடைய மகன்தான் பெரிய ட்றம் அடிப்பவன். எல்லோரும் சிரித்தோம்.

வலை உலர்த்திக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "உதுகள் என்னத்துக்கு மேலை நிக்குதுகள்? கீழை இறங்கி இருக்கச் சொல்லேல்லையோ?" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்.

எங்கள் வள்ளங்களில் காற்று எழும்பினால் ஆட்கள் எல்லோரும் உள்ளே இறங்கி அடித்தட்டில் குந்த வேண்டும். அங்கே எண்ணெய் கலந்த தண்ணீர் கிடக்கும். கருவாட்டுச் சாக்குகளும் கிடக்கும். பாரம் கீழே இருந்தால்தான் வள்ளம் நிமிர்ந்து வரும். இது யாரும் படிப்பித்துத் தெரியவேண்டிய விஷயமல்ல. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் நடக்கப் பழகின நாளிலிருந்து அப்படித்தான் குந்தி வந்தவர்கள்.

அவர் கத்தி முடிப்பதற்குள் அந்த வெள்ளை வரிசை ஒரு பக்கமாகச் சரிந்தது. சரிந்தது நிமிரவில்லை. பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை முழுவதும் இல்லாமல் போயிற்று. வள்ளத்தின் கறுப்பு மட்டும் தெரிந்தது.

பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்தாள். அவளுடைய நகம் பதிந்த அடையாளம் அடுத்த நாளும் இருந்தது. யாரோ பெரிய சத்தத்தில் அழுதார்கள். அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வள்ளம் வந்து கட்டியபோது எல்லோரும் உள்ளே குந்தியிருந்தார்கள். முழங்கால் வரை கறுப்பு எண்ணெய். முகமெல்லாம் உப்பு. பெரிய ட்றம் உருண்டதாம். அதைப் பிடிக்க எல்லோரும் ஒரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். வள்ளம் சரிய, ஓட்டி எழும்பி வந்து, ஒருவனுக்குக் கன்னத்தில் அடித்து, மற்றவர்களைப் பிடரியில் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்.

"முதலே இறங்கச் சொன்னனான். கேக்கேல்லை, ரீச்சர்," என்றார் ஓட்டி. "உடுப்பு ஊத்தையாப் போமாம்."

வீட்டுக்கு வந்து மகளைக் கிணற்றடியில் நிறுத்தித் தண்ணீர் வார்த்தேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "கடல் பழகாத பிள்ளையே நீ? ஆர் உன்னை மேலை நிக்கச் சொன்னது?"

அவள் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள். ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் வீட்டுக்கு வராதை எண்டு."

நான் மட்டுமல்ல, ஒவ்வொரு தாயும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அதை அப்படியே கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் விடிகிற நேரம் மாஸ்ரர் வந்து படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை. "நீங்கள் மகளை விடாட்டி மற்றத் தாய்மாரும் விடமாட்டினம், ரீச்சர். எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம்."

"என்னை ஏன் பாக்கினம்? எனக்கு என்ன, கடல் கட்டுப்பட்டுக் கிடக்குதோ?"

"பிள்ளையள் ஆறு மாசமாப் பழகினதுகள்."

எனக்குப் பின்னால் மகள் ஈரம் உலராத பாவாடையை அயன்பெட்டியால் அழுத்திக்கொண்டு நின்றாள். எண்ணெய்க் கறை முழுவதும் போகவில்லை. அந்த இடத்தில் மாவைப் பூசியிருந்தாள். அழுதிருந்தால் மறித்திருப்பேன்.

"விடுறன். ஆனால் நானும் வருவன்," என்றேன். "எல்லாரும் வீட்டு உடுப்போடை வரட்டும். வெள்ளையை மூட்டையாக் கட்டி, தண்ணி புகாமல் மெழுகுசீலையிலை சுத்துவம். அங்கை போய் மாத்தலாம். திரும்பி வரேக்கையும் மாத்திப்போட்டுத்தான் ஏறவேணும்."

அன்று பழைய சட்டைகளோடு எல்லாப் பிள்ளைகளும் அடித்தட்டில் குந்தினார்கள். நான் நடுவில் மூட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். "ரீச்சர், மூட்டை மூச்சுத் திணறுது," என்று ஒரு பெடியன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். போகும்போதும் திரும்பும்போதும் ஒரு குறையுமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் திரும்பி வந்து சேரும்வரை அது எனக்குத் தெரியாதே.

மைதானத்தைச் சுற்றி நிறக் கொடிகள் கட்டியிருந்தார்கள். நாங்கள் போய் இறங்கியபோது அவை கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு பள்ளிக்கூடமாக வாசித்துக்கொண்டு வந்தது. வெயில் உச்சிக்கு ஏறிற்று. ஒரு கொடியின் நுனி மெல்ல அசைந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். பெரிய ட்றம் முழங்குவது கேட்டது. அதற்குப் பின்னால் சின்ன ட்றம்கள். இன்னொரு கொடி விரிந்தது. பிறகு மேற்குப் பக்கத்துக் கொடிகள் எல்லாம் ஒன்றாக எழும்பிப் படபடத்தன. எந்தக் கொடி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் கைதட்டியபோதுதான் வாசித்து முடிந்துவிட்டதென்று தெரிந்தது.

மகள் ட்றம்மைக் கழற்றாமலே என்னிடம் ஓடி வந்தாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணெல்லாம் வெளிச்சம்.

"எப்பிடி அம்மா?"

"காத்து எழும்பீட்டுது, பிள்ளை."

அவள் கொடிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"நான் காத்தைக் கேக்கேல்லை, அம்மா," என்றாள்.

பிறகு ட்றம்மைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, உடுப்பு மாற்றப் போனாள்.